எழுதியதை எழுதியபடியே வையுங்கள்: ஒரு செயலிக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் செயலியில் எமோஜி போட்டால் அந்த இடத்தோடு செய்தி அறுந்து, மீதி காணாமல் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். நான் மட்டுமே இதைப் பற்றி உங்களுக்கு 3 முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் "எமோஜிகளைத் தவிர்த்து மீண்டும் முயலுங்கள்" என்றுதான் பதில் வந்தது. ஆகவே அந்தப் பதில்களை விட்டுவிட்டு, இது எனக்குத் தெரியவந்த விதத்தை, போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உடம்பு முடியாத அப்பாவை நானும் அக்காவும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். பகலில் அக்கா, வேலை முடிந்து வந்ததும் நான். அவள் கிளம்பும்போது என்ன கொடுத்தாள், என்ன பாக்கி என்று உங்கள் செயலியில் எழுதிவைத்துவிட்டுப் போவாள். அன்று அவள் எழுதியது இது: "அப்பா நல்லா சாப்பிட்டார்". பக்கத்தில் ஒரு சிரித்த முகம். அதற்குப் பிறகு, "சாயங்கால மாத்திரை இன்னும் கொடுக்கல, நீ வந்ததும் கொடுத்திடு".

எனக்கு வந்தது முதல் மூன்று சொற்கள் மட்டும்தான். கேள்விக்குறி இல்லை, வெற்றுக் கட்டம் இல்லை, ஏதோ விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்பட ஒரு புள்ளிகூட இல்லை. முழு வாக்கியம் போலவே இருந்தது. படித்துவிட்டு நிம்மதியாக அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை மாத்திரை டப்பாவைத் திறந்தால், முந்தைய மாலைக்கான அறை அப்படியே நிரம்பியிருந்தது.

நல்லவேளை, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்காவைக் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். "எழுதினேனேடா" என்று சொல்லித் தன் போனை எடுத்துக் காட்டப் போனாள். முந்தைய நாள் அனுப்பியபோது அவள் திரையில் முழுச் செய்தியும் இருந்ததாம். காலையில் செயலியைத் திறந்தபோது சர்வரிலிருந்து வந்தது அதே மூன்று சொற்கள். அவள் கையால் எழுதியது அவள் போனிலேயே இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எழுதினதா நினைச்சுக்கிட்டு எழுதாம விட்டுட்டேனோ" என்றாள். ஏற்கெனவே தூக்கம் கெட்டு, எதையாவது மறந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே இருப்பவள் அவள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். இரண்டு நாள் நம்பினேன். மாத்திரை தவறியதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. செய்யாத தவறுக்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அப்புறம்தான் ஏதோ தோன்றி, நானே சில செய்திகளை அனுப்பிப் பார்த்தேன். வெறும் எழுத்து முழுதாகப் போனது. நடுவில் சிவப்பு இதயம் வைத்தேன், அதுவும் முழுதாகப் போனது. நீல இதயம் வைத்தேன், அந்த இடத்தோடு வாக்கியம் அறுந்தது. கட்டைவிரல், கைகூப்பல், சிரித்த முகம் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். உங்கள் சோதனையில் யாராவது சிவப்பு இதயத்தை மட்டும் போட்டுப் பார்த்து "எமோஜி வேலை செய்கிறது" என்று குறித்திருந்தால், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சிவப்பு இதயம், உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் பழைய காலத்துக் குறி; அந்த எண்களைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 3 பைட்டுக்குள் (பைட் என்பது சேமிப்பின் சிறு அலகு) அடங்கிவிடும். தமிழ் எழுத்துகளுக்கும் அவற்றோடு சேரும் துணைக்குறிகளுக்கும் ஆளுக்கு 3 பைட்தான். நீல இதயத்துக்கும் சிரித்த முகத்துக்கும் 4 பைட் வேண்டும்.

உங்கள் சர்வருக்குள் நான் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அறிகுறி அச்சு அசலாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய கோளாறுதான். அதில் 'யுடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது ஒரு குறிக்கு 3 பைட் வரை மட்டுமே ஏற்கும். ஏற்க முடியாததை மறுத்துப் பிழை காட்டும் ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருந்தால், 4 பைட் குறி வந்த இடத்தில் வாக்கியத்தை வெட்டி மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எச்சரிக்கை ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. பயனருக்கு "அனுப்பப்பட்டது" என்றுதான் தெரியும். இதற்கு மாற்றாக, 4 பைட் வரை ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 வந்தது 2010இல். எமோஜிகள் யூனிகோடு 6.0இல் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0, யுடிஎஃப்8எம்பி4ஐயே இயல்பாக வைத்துக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் எமோஜியைத் தவிர்க்கச் சொல்லி எங்களுக்கு எழுதுகிறீர்கள்.

மாற்றுவது ஒரு நாள் வேலை என்று நான் சொல்லவில்லை. அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது, சர்வர் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பின் குறியாக்கத்தையும் மாற்ற வேண்டும். பழைய பதிப்புகளில், விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸுக்கு 767 பைட் வரம்பு இருந்ததால், 255 எழுத்து நீளத்தில் இருந்தவை, எழுத்துக்கு 4 பைட் என்று ஆனதும் 191க்குள் அடங்க வேண்டிவந்தது. கடினமான வேலைதான், ஆனாலும் எத்தனையோ பேர் செய்து முடித்துவிட்டார்கள். தயவுசெய்து நீங்களும் செய்யுங்கள். எழுதியதை எழுதியபடியே வையுங்கள்.

"எமோஜிதானே, விளையாட்டுப் பொம்மை" என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 4 பைட் வேண்டியவை எமோஜிகள் மட்டுமல்ல. முந்திரி, காணி, மா என்ற நம் பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0இல் சேர்ந்தன. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. ஏட்டுக் கணக்கைப் படியெடுக்கும் ஒருவர் அந்தக் குறியை உங்கள் செயலியில் இட்டால் அதோடு அவர் வரியும் அறுந்துபோகும். சீனத்தில் சிலருடைய பெயர் எழுத்துக்கே 4 பைட் வேண்டும். தன் பெயரையே எழுத முடியாதவரிடம் எதைத் தவிர்க்கச் சொல்வீர்கள்?

எழுத்தை எண்ணும் விதத்திலும் இதே அலட்சியம்தான். 'தமிழ்' என்பது 3 எழுத்து, பல செயலிகள் 5 என்று எண்ணுகின்றன. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் சேர்ந்த குடும்ப எமோஜி பார்வைக்கு ஒன்று. உள்ளே 4 உருவங்களும் அவற்றை ஒட்டும் 3 கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் இருக்கின்றன; உருவம் ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணும் செயலிகளில் அது 11 ஆகிவிடுகிறது. வரம்பில் பாதியாக வெட்டினால் குடும்பமே பிரிந்து நிற்கும். மனிதர் கண்ணுக்கு எது ஓர் எழுத்தோ அதை ஒன்றாக எண்ணும் விதிகளை யூனிகோடே வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் பின்பற்றினால் தமிழும் பிழைக்கும், எமோஜியும் பிழைக்கும்.

சரி, பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்க வந்தது ஒன்றுதான். நாங்கள் எழுதியதை எழுதியபடியே சேமித்து, அப்படியே மற்றவருக்குக் காட்டுங்கள். அதற்குக் கொஞ்ச காலம் ஆகும் என்றால், இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றை மிகவும் பணிவோடு கேட்கிறேன். சேமிக்க முடியாத செய்தியை "அனுப்பப்பட்டது" என்று காட்டாதீர்கள். முடியவில்லை என்று திரையில் சொல்லிவிடுங்கள். நாங்கள் போனில் கூப்பிட்டுப் பேசிக்கொள்வோம்.

அக்கா இப்போது எமோஜியே போடுவதில்லை. செய்தி அனுப்பிய பிறகு செயலியை மூடி, மறுபடி திறந்து, எழுதியது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். அடுத்த பதிப்பில் இது சரியாகிவிடும் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், அதை அவளிடம் காட்டுவேன்.

அன்புடன்,
உங்கள் பயனர் ஒருவர்