‘தி’ எதுக்கு டீச்சர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆங்கில வகுப்பே தேவைப்படாது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். துறையூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறேன். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில், பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னேன். 11 நோட்டில் ஒரே கடிதம். ‘ஐ ஹோப் திஸ் லெட்டர் ஃபைண்ட்ஸ் யூ வெல்’ என்று தொடங்கியது, ஒரு பிழை கிடையாது. வாசிக்கச் சொன்னால் ஒருவருக்கும் வாசிக்க வரவில்லை. அப்பாவின் போனில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்திருக்கிறது. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லித் தரவில்லை.

அப்புறம் முறையை மாற்றினேன். முதலில் வகுப்பிலேயே, கையால், பிழையோடு எழுத வேண்டும். அதில் நான்கைந்து வரியைப் பெயர் போடாமல் என் போனில் சாட்ஜிபிடியில் நானே ஏற்றுவேன். ‘திருத்தாதே. பிழையுள்ள வரியைக் காட்டி, தமிழில் ஒரு கேள்வி மட்டும் கேள்’ என்பேன்.

ஒரு மாணவி ‘ஏ’ (a), ‘தி’ (the) இரண்டும் இல்லாமல் ‘ஐ வென்ட் டு ஷாப். ஷாப் வாஸ் க்ளோஸ்டு’ என்று எழுதியிருந்தாள். முதல் வரியில் எந்தக் கடை என்று படிப்பவருக்குத் தெரியுமா, இரண்டாம் வரியில் தெரியுமா என்று சாட்ஜிபிடி கேட்டது. அவள் கொஞ்சம் யோசித்தாள். “முதல்ல ஒரு கடை, அப்புறம் அந்தக் கடை. அப்போ ‘தி’ன்னா ‘அந்த’வா டீச்சர்?” தமிழில் இல்லாத அந்தச் சின்னச் சொல்லை இத்தனை ஆண்டும் விதியாக மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். “சரி, ‘தி சன்’னு சொல்றோமே, அந்தச் சூரியன்னா சொல்லுவோம்?” என்று நான் கேட்க, வகுப்பே வாதாடியது. “சூரியன் ஒண்ணுதானே, எதுன்னு எல்லாருக்கும் தெரியுமே” என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

சில நேரம் அது சரியான வரியையும் பிழை என்று காட்டும். அதைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தெரிந்த ஆள் வகுப்பில் வேண்டும் என்பதை அந்த வாசகருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

13 வயது நிரம்பாதவர்கள் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தக் கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்று அதை உருவாக்கிய நிறுவனமே விதி வைத்திருக்கிறது. அதனால் போன் என் கையில்தான் இருக்கிறது. ஒரே போனில் 34 பிள்ளைகளின் நோட்டை முடிக்க ஒரு வாரம் ஆகிறது. பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் ஆங்கிலத்துக்கு வாரம் ஒரு பாடவேளையும், இப்படிக் கேள்வி கேட்க வைப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் கிடைத்தால் போதும்.

ஓர் ஆங்கில ஆசிரியை,
துறையூர் வட்டம்.