திரையில் ஒரு மலை, கோப்பில் வேறு மலை

அனுப்புநர்: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், மதுரை.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: முப்பரிமாண மலைப் படங்கள் பிழையாகப் பதிவாவது, சந்தாவைத் திரும்பக் கோருவது தொடர்பாக.

ஐயா,

அச்சுத் தரத்தில் முப்பரிமாணப் படம் எடுக்கலாம் என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி, இணைய வரைபட மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். நான் வேலை பார்த்த பள்ளியின் வகுப்பறைச் சுவருக்கு மலைப் படங்கள் தயாரித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

முதலில் எங்கள் யானைமலை. ஒத்தக்கடைப் பக்கமிருந்து பார்ப்பதுபோல் கோணத்தைத் திருப்பினேன். திரையில் மத்தகமும் முதுகும் அப்படியே வந்தன. 8,000 புள்ளி (பிக்சல்) அகலத்தில் சேமித்தேன். கோப்பைத் திறந்தால் யானையைக் காணவில்லை. பிசைந்து வைத்த மாவு உருண்டை ஒன்று கிடக்கிறது. அதன் மேல் போர்த்திய செயற்கைக்கோள் படம் மட்டும் மரம் மரமாகத் தெளிவு! அதே கோணத்தில் 1,920 புள்ளியில் சேமித்தால் மத்தகம் திரும்பி வந்துவிடுகிறது. பெரிய அளவு கேட்டதும் உங்கள் மென்பொருள் நிலப்பரப்பை மறுபடி வரைகிறது, நுணுக்கமான உயரத் தரவு வந்து சேரும் முன்பே படத்தை எடுத்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

தரவின் எல்லை எனக்குத் தெரியாததல்ல. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த அளவீட்டில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். அத்தகைய தரவில் கொடைக்கானல் தூண்பாறை உருகிய மெழுகாகத் தெரிந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். திரையில் சரியாகத் தெரிந்தது கோப்பில் கெடுவதுதான் என் வழக்கு.

இன்னொன்று, உயர மிகைப்பு, அதாவது மலையின் உயரத்தை மட்டும் எத்தனை மடங்காக்கிக் காட்டுவது என்ற அளவு. அதை 1 என்று வைத்து ஆனைமுடியைப் பதிவு செய்தேன். மறுநாள் தொட்டபெட்டா. இடையில் அது தானாக 1.5க்குத் திரும்பியிருந்தது; படத்தில் அதற்கான குறிப்பு எதுவும் இல்லை. அச்சிட்டு மாட்டிய பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, தொட்டபெட்டாதானே உயரம்?" 2,695 மீட்டர் ஆனைமுடி, 2,637 மீட்டர் தொட்டபெட்டாவுக்குக் கீழே குனிந்து நிற்கிறது. உருண்டு திரண்ட தொட்டபெட்டா கூம்பாகி நிற்பதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு என் தவறும் உண்டு.

உங்கள் உதவிப் பிரிவுக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் "இணைய வேகத்தைச் சரிபாருங்கள்" என்றே பதில். கையெழுத்திட்டவர் பெயர் மட்டும் மாறியது. இணையம் மெதுவென்றால் மென்பொருள் காத்திருக்கட்டுமே.

15 நாட்களுக்குள் பிழையைத் திருத்துங்கள். மிகைப்பு அளவு படத்தின் ஓரத்தில் அச்சாகவும் வழி செய்யுங்கள். முடியாதென்றால் சந்தாத் தொகையை முழுவதும் திருப்பித் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, யானைமலைப் படங்கள் இரண்டு (யானை உள்ளது, யானை இல்லாதது).