காசு எங்கே போனது, இனி எங்கிருந்து வரும்: மடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குகிற யாத்திரிகர் மடத்தின் திருப்பணி ஒருவழியாக முடிந்துவிட்டது. வரவு செலவைக் கணக்காய்வாளர் பார்த்துக் கையெழுத்து வைத்திருக்கிறார். அது தனித் தாளாக இதோடு வருகிறது, சதக் கணக்கு வரை அதில் இருக்கிறது, ஆகவே அந்த எண்களை இங்கே திரும்ப அடுக்கவில்லை. கணக்குத் தாளில் எழுத இடமில்லாத விஷயங்களுக்குத்தான் இந்தக் கடிதம். ஏன் இவ்வளவு காலம் இழுபட்டது, எங்கே பிழைவிட்டோம், சேர்த்த காசில் பெரும்பங்கை ஏன் மலசலகூடத்திலும் குளியலறையிலும் போட்டோம். கடைசிக் கேள்வியைக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். ஊரில் இருப்பவர்களும் கேட்டார்கள், எங்கள் முகத்துக்கு நேரே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, அதிலிருந்தே தொடங்குவோம்.

வேலை தொடங்குவதற்கு முன்பு, ஒரு ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறை நாளில் நிர்வாக சபையில் மூன்று பேர் விடியற்காலையே, கோயிலுக்குப் போகிற கோட்டை வாசலடியில் போய் இருந்தோம். வேறு ஒன்றும் செய்யவில்லை, வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு, இறங்குகிற சனங்களோடு கதைத்துக்கொண்டு இருந்தோம். ஹற்றன் பக்கத்திலிருந்து இரவிரவாக ஓடி வந்த ஒரு பஸ்ஸில் அறுபது பேர் வரை இருந்திருப்பார்கள். இறங்கியவுடன் அவர்கள் கேட்ட முதல் கேள்வி கோயில் எங்கே என்பதல்ல. "அண்ணே, குளிக்கிறதுக்கு எங்க போறது?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆம்பிளைகள் எப்படியோ சமாளித்துவிட்டார்கள். பெண்பிள்ளைகளும் வயதானவர்களும் பட்ட பாட்டை எழுதத் தேவையில்லை. மேலே போய்க் கும்பிட்டார்கள், இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவை எட்டிப் பார்த்தார்கள், மானோடு நின்று படம் எடுத்தார்கள், வளையலும் விளையாட்டுச் சாமானும் விற்கிற கடைகளில் கொஞ்சம் நின்றார்கள். பத்து மணிக்கெல்லாம் பஸ் நிலாவெளிக்குப் போய்விட்டது, கடலில் குளித்துவிட்டு அங்கிருந்தே மலைநாட்டுக்குத் திரும்புவதாகச் சொன்னார்கள். அரிசியும் பானையும் பஸ்ஸின் பின்னால் கட்டியிருந்தது. திருகோணமலை அந்த அறுபது பேரிடமிருந்து கண்டது அர்ச்சனைத் தட்டும், ஒரு தேத்தண்ணியும், சின்னப்பிள்ளைக்கு ஒரு பலூனும்தான்.

அவர்கள் கஞ்சர்கள் என்று சொல்லவில்லை. ஒரு வருசம் சீட்டுப் பிடித்து, பஸ்ஸுக்குக் காசு கட்டி வந்த சனங்கள். தங்கவும் குளிக்கவும் இடம் இல்லாத ஊரில் அவர்கள் ஏன் நிற்கவேண்டும்?

அதே நாள் தெரிந்த ஒருவரின் வீட்டு விறாந்தையில் இரவு தங்கிய ஒரு குடும்பத்தைப் பாருங்கள். இரவு சைவக்கடையில் தோசை. விடிய ஓட்டோ பிடித்துக் கன்னியா வெந்நீரூற்று, ஏழு கிணற்றிலும் வாளி போட்டுக் குளிக்காமல் பிள்ளைகள் வரமாட்டார்கள். திரும்பி வந்து பத்திரகாளி அம்மன் கோயில். பிறகு சவர்க்காரம், பிள்ளைக்குப் பால்மா, அம்மாவுக்குக் கால்நோவுத் தைலம், நுளம்புத்திரி. மத்தியானம் சோறு, பின்னேரம் கோணேசர் கோயிலில் இன்னொரு பூசை, அதற்கு இன்னொரு தட்டு, இன்னொரு மாலை. இந்தக் காசு ஒரு பெரிய கைக்குப் போகவில்லை, ஓட்டோக்காரர், கடைக்காரர், பூக்கட்டுகிற அம்மா என்று பத்துப் பேரின் கைக்குச் சின்னச் சின்னதாகப் போனது. யாத்திரை வருகிற ஊருக்கு வருமானம் தருவது எத்தனை பேர் வந்தார்கள் என்பதல்ல, எத்தனை பேர் இரவு நின்றார்கள் என்பதுதான். சுற்றுலாத் துறையில் வேலை செய்கிற எங்கள் அங்கத்தவர் ஒருவர் இதை இன்னும் நீளமாக விளக்கினார், அதை விட்டுவிடுகிறோம்.

ஆகவே முகப்பில் சின்னக் கோபுரம் வைக்கலாம் என்று கூட்டத்தில் வந்த ஆலோசனையை ஒதுக்கிவிட்டு, 10 மலசலகூடம், 8 குளியலறை, 2 பெரிய தண்ணீர்த் தாங்கி, உடுப்புத் தோய்க்க ஒரு கல், பொதுக் குசினி என்று முடிவெடுத்தோம். "கக்கூஸ் கட்டுறதும் திருப்பணியா?" என்று ஒரு ஐயா கோபித்துக்கொண்டு போனார், பிறகு அவரே இரண்டு தாங்கிக்கும் காசு தந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த ஐயாவுக்கு அன்று கூட்டத்தில் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறோம். கோணேசர் கோயில் திருப்பணியைச் செய்ததாகச் சொல்லப்படுகிற பழைய அரசன் குளக்கோட்டன். அந்தப் பெயரே குளமும் கோட்டமும் (கோயிலும்) சேர்ந்ததுதான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அவன் கோயிலோடு நிற்கவில்லை, கந்தளாய்க் குளத்தையும் கட்டினான் என்பது மரபு. குளம் வயலுக்கு, வயல் நெல்லுக்கு, நெல் கோயிலுக்கு. தானத்தார் என்றும் வரிப்பத்தார் என்றும் குடிகளை இருத்தி, யார் எந்தத் தொழும்பு செய்வது, யாருக்கு என்ன பங்கு என்று வகுத்ததைக் கோணேசர் கல்வெட்டு என்கிற பழைய நூல் சொல்கிறது. கோயிலால் ஊர் சாப்பிட்டது, ஊரால் கோயில் நின்றது. போர்த்துக்கேயர் வந்து கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இரட்டை மீனோடு இருக்கிற கல்வெட்டை, குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று ஊரில் வாசிப்பார்கள், பஸ்ஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே உள்ளே போகிறார்கள். ஆனால் குளம் போகவில்லை. இன்றைக்கும் நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்த் தண்ணீர்தான். நாங்கள் கட்டிய குளியலறையில் ஒருவர் குழாயைத் திறந்தால் கொட்டுவதும் அதுதான். அதற்குமேல் ஐயா ஒன்றும் கதைக்கவில்லை.

இனி ஏன் பிந்தியது என்பதற்கு வருவோம். மதிப்பீடு போட்டது 2021இன் தொடக்கத்தில். அப்போது ஒரு மூட்டை சீமெந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபா. 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது மணல் ஏற்ற லொறி இல்லை, சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியது, இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கொமோட்டும் டைல்ஸும் கடையில் இருந்தாலும் விலை சொல்லப் பயந்தார்கள். மதிப்பீட்டுத் தாளைக் கிழித்துப் போடவேண்டியதுதான் மிச்சம். அந்த வருசம் அத்திவாரத்தோடு நிறுத்திவிட்டோம். நிறுத்தியது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறோம், அந்த விலையில் தொடர்ந்திருந்தால் பாதிச் சுவரோடு காசு முடிந்திருக்கும்.

அடுத்த பிந்தல் முழுக்க எங்கள் பிழை. மறுபடி தொடங்கியபோது பழைய ஓட்டுக்கூரையை ஐப்பசியில் கழற்றினோம். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்கள், வாடைக்காற்றும் மாரி மழையும் எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். கொந்தராத்துக்காரர் இரண்டு கிழமையில் முடிப்பேன் என்றார், நாங்களும் நம்பினோம். கூரை இல்லாத மண்டபத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது, மரவேலைக்கு வாங்கி வைத்த பலகையில் ஒரு பகுதி ஊதிப்போனது. அந்த நட்டம் கணக்குத் தாளில் ஒளிக்காமல் தனி வரியாக இருக்கிறது.

இரும்பு யன்னல் கம்பியும் அப்படித்தான். விலை குறைவு என்று ஒரு கடையில் வாங்கினோம், ஒரு வருசத்துக்குள் கறள் பிடித்துவிட்டது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கட்டடத்துக்கு அந்தச் சாமான் சரிவராது என்று மேசன் முதலே சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. இப்போது அலுமினியம் போட்டிருக்கிறோம்.

மலக்குழி வெட்டிய நாளில் நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டும்போது கோணேசர் கோயில் விக்கிரகங்கள் வெளிப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பிறகுதான் 1963இல் கோயில் புதிதாகக் கட்டிக் குடமுழுக்கு நடந்தது. ஆகவே ஆறடி போனதும் அலவாங்கு 'டங்' என்று அடித்தபோது வேலை நின்றுவிட்டது, பக்கத்து வீட்டு அம்மா கற்பூரத்தோடு வந்துவிட்டார். வெளியே வந்தது பழைய தண்டவாளத் துண்டு. மலக்குழியில் சுவாமி வந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் யோசிக்கிறோம்.

கட்டணத்தைப் பற்றி மூன்று கூட்டம் சண்டை பிடித்தோம். மடம் என்றால் இலவசம்தான், குளக்கோட்டன் காசு வாங்கினானா என்று ஒரு பக்கம். இலவசமாக விட்டால் ஆறு மாதத்தில் குழாய்த் தலை ஒன்றும் மிஞ்சாது என்று மறுபக்கம். கடைசியில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுப்பது இலவசம், குளியலும் இலவசம், மேல்மாடி அறைகளுக்கு மட்டும் கட்டணம் என்று முடிந்தது. அறைக்காசு துப்புரவு செய்கிற இரண்டு பெண்களின் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் போகும். இருவரும் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர்கள், முன்பு பருவகாலத்தில் உப்புவெளி ஹொட்டேல்களில் வேலை செய்துவிட்டு மாரியில் சும்மா இருந்தவர்கள். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான், மழை தொடங்கினால் நிலாவெளி பூட்டிக் கிடக்கும். கோயிலுக்கு வருகிறவர்களின் நாட்காட்டி வேறு. மார்கழித் திருவெம்பாவை, மாசிச் சிவராத்திரி, அதை அடுத்துச் சுவாமி நகர்வலம் வருகிற இரவுகள், பங்குனித் திருவிழா, ஆடி அமாவாசை. கடல் கொந்தளிக்கிற மாதத்திலும் கோணேசரிடம் வர ஆள் உண்டு. ஊருக்கு வருசம் முழுவதும் வேலை வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலங்கைக்கு அதிகம் பேர் வருவது இந்தியாவிலிருந்துதான், இராமாயணத் தலங்கள் என்ற பெயரில் வருகிற வேன்கள் நம் மலைக்கும் வருகின்றன. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது திருக்கோணேஸ்வரத்தின் அபிவிருத்திக்கு நிதியுதவியும் அறிவித்தார். "இந்தியா தருகிறதே, நாங்கள் ஏன் கட்டவேண்டும்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கோயிலுக்கு, இது மடத்துக்கு, இரண்டும் வேறு கணக்கு. அதோடு அந்த வேன்கள் மத்தியானத்துக்கு முன் வந்து, நடை சாத்த முன் கும்பிட்டு, கொழும்பில் காசு கட்டிய ஹொட்டேலுக்கே போய்ச் சாப்பிடுகின்றன. அவர்களை நம்பி மடத்தைக் கட்டவில்லை. ஹற்றன், வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்புச் சனங்களை நம்பித்தான் கட்டினோம். பௌர்ணமி விடுமுறைக்கு வருகிற சிங்களக் குடும்பங்களும் உண்டு. கோட்டைக்குள் இருக்கிற விகாரையைக் கும்பிட்டுவிட்டுக் கோணேசரிடமும் தட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். அதனால் மடத்துப் பலகையை மூன்று மொழியிலும் எழுதினோம். சிங்களத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று கோட்டை வாசலில் நிற்கிற ஒரு சிப்பாய்த் தம்பி சொல்லித் திருத்தினார். தமிழில் இருந்த பிழையை எவரும் சொல்லவில்லை, நாங்களே ஒரு மாதம் கழித்துத்தான் கண்டோம்.

மிச்சம் இருப்பவை: பின் மதிலுக்குப் பூச்சு, குசினிக்குப் புகைபோக்கி, வளவுக்கு வேலி. வேலி அவசரம். நட்ட செவ்வரத்தை முழுவதையும் இரண்டே இரவில் மான்கள் தின்றுவிட்டன, இப்போது துளசிக்கும் வந்து நிற்கின்றன. சனங்களுக்கு மானைக் கண்டால் சந்தோஷம்தான், பூசைக்குப் பூ பறிக்கிற எங்களுக்குத்தான் இல்லை.

பொதுக்கூட்டம் வழக்கமான இடத்தில், அறிவித்தல் தனியாக வரும். வரும்போது நிதி சேர்த்த பற்றுச்சீட்டுப் புத்தகங்களைக் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டு புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று பொருளாளருக்குத் தெரியும், பெயர் எழுதவேண்டாம் என்று அவரே சொன்னார்.

இப்படிக்கு,
நிர்வாக சபையினர்