தென்னைக்கு, தோஹாவிலிருந்து

அன்புள்ள சூசைக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் திட்டி முடித்த பிறகு இதைக் கடைசிவரை படிக்க வேண்டும். பாதியில் மடித்து ரேடியோவுக்கு அடியில் செருகக் கூடாது. இங்கே எல்லாரும் நலம். முதுகுவலி அப்படியே இருக்கிறது. சின்னவள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ராஜன் அண்ணன் 'அடுத்த மாதம் ஊரோடு போய்விடுகிறேன்' என்று மூன்றாவது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். விசாரிப்பு முடிந்தது.

எழுத வைத்தது உன் மைத்துனன். வெள்ளிக்கிழமை போன் செய்தான். திருவிழா செவன்ஸுக்கு, அதான் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துக்கு, நம் பையன்களைத் தயார் செய்யச் சொல்லி ஃபாதரே உன் வீட்டுக்கு வந்தாராம். நீ காபி கொடுத்து உபசரித்துவிட்டு, 'கடைசி பெனால்டியைத் தென்னை மரத்துக்கு அடித்தவனிடமா பிள்ளைகளை அனுப்புகிறீர்கள்?' என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டாயாம். உன் மைத்துனனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தென்னை என்று உனக்குப் பெயர் வைத்தவன் நான். அந்தப் பெயருக்குப் பின்னால் இத்தனை வருடம் நீ ஒளிந்துகொள்வாய் என்று தெரிந்திருந்தால் வேறு ஏதாவது வைத்திருப்பேன்.

நீ அந்தப் பெனால்டியை அடித்தது 2002 மே மாதம். மாதம் எப்படி நினைவிருக்கிறது என்றால், அந்த மாதம் 31ஆம் தேதி உலகக் கோப்பை தொடங்கியது. மாலை ஐந்து மணிக்கு வாசகசாலை டி.வி. முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது, நீ மட்டும் வரவில்லை. வலை பின்னுகிறாய் என்று உன் அம்மா சொன்னார்கள். உனக்கு வலை பின்னத் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ பார்க்காமல் விட்ட ஆட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பிரான்ஸ் அப்போது உலக சாம்பியன். செனகலுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை, முதல் ஆட்டம். 30ஆவது நிமிடத்தில் பாப்பா பூபா தியோப் விழுந்துகொண்டே ஒரு கோல் போட்டார். சட்டையைக் கழற்றிக் கொடிக்கம்பத்தருகே வைத்து, அதைச் சுற்றி எல்லாரும் ஆடினார்கள். ஒன்றுக்குச் சுழியம். வாசகசாலையில் விசில் அடித்தே என் தொண்டை போய்விட்டது. நாங்கள் எல்லாரும் தியோப்பைத்தான் பார்த்தோம். நடுக்களத்தில் நின்று பந்தைப் பறித்துப் பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தச் சடைமுடிக் கேப்டனை யாரும் கவனிக்கவில்லை. பெயர் அலியூ சிசே.

அந்த ஆள் நாலு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்னால் ஒரு பெனால்டியைக் கோட்டை விட்டுவிட்டு வந்தவர். அதுவும் நம் மைதானத்தில் நடக்கிற மாதிரி இல்லை. 2002 பிப்ரவரியில், மாலியின் பமாக்கோவில், ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே கேமரூன். 120 நிமிடமும் கோல் இல்லை, டைபிரேக்கர், அதாவது ஆளுக்கொரு பெனால்டி. செனகலின் கடைசி அடி கேப்டனுக்கு. கோல்கீப்பர் தடுத்துவிட்டார், கோப்பை கேமரூனுக்குப் போய்விட்டது. மே மாதக் கடைசியில் அதே ஆள் கேப்டன் கைப்பட்டியைக் கட்டிக்கொண்டு சியோலில் பிரான்சுக்கு எதிராக நிற்கிறார். நீ அதே மாலை வலை பின்னுகிறாய்.

சரி, குத்திக்காட்டியது போதும். அந்த அணி டென்மார்க்கோடும் உருகுவேயோடும் சமன் செய்து, ஸ்வீடனைக் கோல்டன் கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்டவர் ஜெயிப்பது) தள்ளிக் காலிறுதிவரை போய், துருக்கியிடம் அதே கோல்டன் கோலில் தோற்றது.

அந்த வருடம் அவருக்கு அதோடு முடியவில்லை. சிசே பிறந்தது ஜிகின்ஷோர், செனகலின் தெற்கே கசமான்ஸ் பகுதி. நடுவில் காம்பியா நாடு குறுக்கே புகுந்து கிடப்பதால், அங்கிருந்து தலைநகர் டக்காருக்கு ஜனங்கள் பலர் கப்பலில் போவார்கள். லெ ஜோலா என்று அந்தக் கப்பலுக்குப் பெயர். 2002 செப்டம்பர் 26 இரவு காம்பியாக் கரைக்கு அப்பால் காற்றும் மழையும் வந்ததில் கவிழ்ந்தது. சுமார் 550 பேருக்கான கப்பலில் ஏறத்தாழ 1,900 பேர். பிழைத்தவர்கள் 64 பேர். செத்தவர்கள் டைட்டானிக்கில் செத்தவர்களைவிட அதிகம், ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்? சிசேயின் உறவுக்காரர்கள் ஒருவர் இருவர் அல்ல, பலர் அதில் போய்விட்டார்கள். அவர் அப்போது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சிட்டிக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

இதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஓக்கிப் புயலுக்குப் பிறகு உன் சித்தப்பா வீட்டில், பெட்டி இல்லாமல் போட்டோவை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோமே, அந்த முற்றத்தில் நீயும் நானும் பேசாமல் நின்றோமே. அன்றைக்கு உனக்கும் எனக்கும் பெனால்டி நினைவிருந்ததா? எனக்கு இல்லை. அதற்குப் பிறகும் நீ அந்தத் தென்னையைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது அவர் கோச் ஆன கதைக்கு வருகிறேன். ஆட்டம் முடித்த பிறகு செனகலின் 23 வயதுக்குட்பட்டோர் அணியைக் கொஞ்ச காலம் பார்த்தார். 2015 மார்ச்சில் தேசிய அணி கைக்கு வந்தது. கெட்டிக்காரர்தான், ஆனால் ரசிக்கவைக்கிற கோச் என்று சொல்ல மாட்டேன். முதலில் கோல் வாங்கக் கூடாது, மிச்சத்தை அப்புறம் பார்ப்போம் என்கிற ரகம். நடுக்களத்தில் அவர் ஆடியதைப் போலவே அணியையும் ஆடவைத்தார். சொந்த நாட்டிலேயே பல வருடம் வசை வாங்கினார். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். ஒரு ஆப்பிரிக்கக் கோப்பையில் முதல் சுற்றின் மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கோல். அதுவும் பெனால்டி, அதுவும் 97ஆவது நிமிடத்தில். அந்த மூன்று ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தவனிடம் கேட்டுப் பார்.

2018 உலகக் கோப்பையில் 32 கோச்சுகளில் அவர் ஒருவர்தான் கறுப்பர். வயதிலும் அவர்தான் எல்லாரையும்விடச் சின்னவர். போலந்தை ஜெயித்தார்கள், ஜப்பானோடு சமன், கொலம்பியாவிடம் ஒரு கோலில் தோல்வி. ஜப்பானுக்கும் செனகலுக்கும் புள்ளி ஒன்று, கோல் கணக்கும் ஒன்று. கடைசியில் மஞ்சள் அட்டையை எண்ணினார்கள். ஜப்பானுக்கு நாலு, செனகலுக்கு ஆறு. வீட்டுக்குப் போ என்றார்கள். அதற்கு முன்னால் உலகக் கோப்பையில் யாரும் அப்படி வெளியேறியதில்லை. நானாக இருந்தால் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். அவர் விதி விதிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் கெய்ரோவில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே அல்ஜீரியா, அவர்கள் கோச் ஜமால் பெல்மாதி. இதைக் கேள்: சிசே 1976 மார்ச் 24இல் பிறந்தவர், பெல்மாதி மார்ச் 25இல். சிசே ஒன்பது வயதில் பிரான்சுக்குப் போய் வளர்ந்தது பாரிஸ் பக்கத்துப் புறநகரான ஷாம்பிஞியில். பெல்மாதியும் அதே ஊர்ப் பையன். நீயும் நானும் எதிரெதிர் பெஞ்சில் நிற்கிற மாதிரி. இரண்டாவது நிமிடத்திலேயே அல்ஜீரியா அடித்த பந்து ஒரு தடுப்பாளர் மேல் பட்டு, எகிறி, வலைக்குள் விழுந்தது. மிச்ச 88 நிமிடமும் முட்டி மோதியும் ஒன்றும் ஆகவில்லை. கேப்டனாக ஒரு இறுதி ஆட்டம், கோச்சாக ஒரு இறுதி ஆட்டம், இரண்டும் போயிற்று.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இத்தனை பக்கம். சாடியோ மானேயை உனக்குத் தெரியும். 2017 ஆப்பிரிக்கக் கோப்பை காலிறுதியில், மறுபடியும் கேமரூனோடு, மறுபடியும் டைபிரேக்கரில், செனகலின் ஐந்தாவது அடியைத் தவறவிட்டவர் அவர்தான். 2019இலும் ஆட்ட நேரத்தில் இரண்டு பெனால்டிகளைக் கோட்டை விட்டார். 2022 பிப்ரவரி 6, இறுதி ஆட்டம், எகிப்துக்கு எதிராக. ஏழாவது நிமிடத்தில் செனகலுக்குப் பெனால்டி. மானே அடித்தார், கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு 120 நிமிடம்வரை யாருக்கும் கோல் இல்லை. டைபிரேக்கர். ஐந்தாவது அடி யாருக்கு? மானேவுக்குத்தான்.

நீ கோச்சாக இருந்தால் அப்படிச் செய்வாயா? நான் செய்ய மாட்டேன். அதே இரவில் தவறவிட்டவன், அதற்கு முன்பும் தவறவிட்டவன். அவன் தோளைத் தட்டிவிட்டு வேறு ஒருவனை அனுப்புவேன், அதை அவன்மேல் வைத்த இரக்கம் என்றும் சொல்லிக்கொள்வேன். சிசே அவரிடமிருந்து அந்த அடியை எடுக்கவில்லை. கடைசி அடியைத் தவறவிட்டவனுக்கு அடுத்த நாள் காலை எப்படி விடியும் என்று அந்த மைதானத்தில் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் விட்டார். அதற்குள் எகிப்தின் ஓர் அடி கம்பத்தில் பட்டிருந்தது; செனகலின் ஒன்று தடுக்கப்பட்டிருந்தது; பிறகு செனகல் கோல்கீப்பர் மெண்டி எகிப்தின் ஒன்றைத் தடுத்தார். மானே ஓடி வந்து அடித்தார். நாலுக்கு இரண்டு. ஐந்தாவது அடிக்காகக் காத்திருந்த எகிப்தின் சலாவுக்கு அடிக்க வேளையே வரவில்லை. செனகலுக்கு முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. அது நடந்த ஊர் யவுண்டே, கேமரூனின் தலைநகர்!

இருபது வருடம் கழித்துப் பழைய கணக்கைத் தீர்த்தார் என்று எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பமாக்கோவில் தடுக்கப்பட்ட பந்து தடுக்கப்பட்டதுதான். யவுண்டேயில் மானே அடித்தது மானேயின் கோல், சிசேயின் கோல் இல்லை. லெ ஜோலா இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. தீர்ந்தது எதுவும் இல்லை, மக்கா. அவர் வேலைக்குப் போனார், அவ்வளவுதான். வேலை செய்கிற இடத்தில் அந்தப் பெனால்டி ஒரு நாள் அவருக்கு உதவியாக வந்தது.

அதே வருடம் நவம்பர் 29 அன்று, இங்கே நடந்த உலகக் கோப்பையில், ஈக்வடாருக்கு எதிரான ஆட்டத்தில், கலீஃபா மைதானத்தில் அவரை நேரில் பார்த்தேன். இங்கே வசிப்பவர்களுக்கு நாற்பது ரியால் டிக்கெட். மேலே, கடைசி வரிசைகளில் ஒன்று. அவர் தீப்பெட்டி அளவுதான் தெரிந்தார், அந்தச் சடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். செனகல்காரர்களின் மேளம் ஒரு நொடி நிற்கவில்லை. நம் தேர் இழுக்கிற இரவு போல இருந்தது. பாப்பா பூபா தியோப் இறந்து அன்றோடு சரியாக இரண்டு வருடம். கேப்டன் கூலிபாலியின் கைப்பட்டியில் தியோப்பின் எண் 19. 67ஆவது நிமிடத்தில் ஈக்வடார் சமன் செய்தது, 70ஆவது நிமிடத்தில் அதே கூலிபாலி கோல் அடித்தார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன், ஏன் என்று கேட்காதே. 2002இல் வாசகசாலையில் கத்திய தொண்டை மறுபடியும் போனது. அந்த இரவே உனக்கு எழுத நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அப்புறம் இங்கிலாந்து மூன்று கோல் போட்டு அவர்களை அனுப்பியது. 2024 அக்டோபரில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க விளையாட்டு அமைச்சகம் சம்மதிக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு மேல் உழைத்து, நாட்டுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தவரை அனுப்பிவிட்டார்கள். அவர் 2025 மார்ச்சில் லிபியாவுக்குக் கோச்சாகப் போனார், உலகக் கோப்பை வாசலையே மிதித்திராத அணிக்கு. அதையும் நீ கவனிக்க வேண்டும். காபி கொடுத்து அனுப்பவில்லை.

ராஜன் அண்ணன் போகமாட்டார், அதனால் நம் சேவியர் கையில் ஐந்து பந்தும் ஒரு பம்பும் கொடுத்தனுப்புகிறேன். காற்றை இறக்கித்தான் வைத்திருக்கிறேன், ஓட்டை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே. அவன் இருபதாம் தேதி வந்து சேருவான். பந்து உன் வீட்டுக்குத்தான் வரும், ஃபாதர் வீட்டுக்கு அல்ல. அப்புறம் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நீயே பார்த்துக்கொள். ஒன்று மட்டும்: பையன்களில் தவறவிடுகிறவன் எவன் என்று முதல் நாளே உனக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு ஐந்தாவது அடியைக் கொடு.

ஜெனிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
கிளீட்டஸ்

பி.கு.: அந்தத் தென்னை இன்னும் நிற்கிறதா? போன மழையில் விழுந்துவிட்டது என்றான் உன் மைத்துனன். அவன் பேச்சை நம்ப முடியாது, நீ போய்ப் பார்த்து எழுது.