கோல் காவலருக்குக் காலணி வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளுக்கும் தோட்டக் குழுக்களுக்கும் இடையிலான காற்பந்துப் போட்டிகள் நெருங்கும் வாரங்களில் எங்கள் கடைக்கு வரும் பெற்றோர்களில் பலர், தொலைக்காட்சியில் பார்த்த தாக்குதல் ஆட்டக்காரரின் காலணியைப் போன்ற ஒன்றையே தம் பிள்ளைக்கும் கேட்கிறார்கள். பந்தைக் கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு அது பொருந்திப் போகலாம். கோல் காவலராக நிற்கிற பிள்ளைக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. கையுறையை விரல் விரலாகச் சோதித்து வாங்குகிறவர்கள் காலணியை நிறம் பார்த்து எடுத்துச் செல்வதைக் காணும்போது எங்களுக்கு மனம் கேட்பதில்லை; அதனால்தான் இந்த மடலைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் அகலமும், குறுக்குக் கம்பம் வரை 2.44 மீட்டர் உயரமும் இருக்கின்றன. அந்த அகலத்தைக் காக்கிற ஒருவர் நீண்ட தூரம் ஓடுவது அரிது. அவர் பக்கவாட்டில் சிறு சிறு அடிகளாக நகர்ந்து, சட்டென நின்று, ஒரு காலின் முன்பாதத்து உள்விளிம்பை மண்ணில் ஊன்றி, அந்த ஒரே உந்தலில் உடல் முழுவதையும் பந்தின் திசைக்குச் செலுத்துகிறார். ஊன்றிய கால் ஒரு விரற்கடை வழுக்கினாலும் கை எட்ட வேண்டிய இடத்தை எட்டாது. அந்தக் காலத்துக் காற்பந்தை அறிந்த நம் பெரியவர்கள், ஸ்பைடர்மேன் என்று நாடே அழைத்த ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர் அவர். கை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதைப் பந்திடம் கொண்டு சேர்ப்பது காலின் உந்தல்தான் என்பதைக் கோல் காவலராக விரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாங்கள் சொல்லி வருகிறோம்.

இனி மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலணி வாங்க வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, திடல் எப்படி இருக்கிறது என்பதை அன்று. கோலுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் இடம் எப்படி இருக்கிறது என்பதைத்தான். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டத் திடல்களிலும் பள்ளித் திடல்களிலும் வளர்வது பெரும்பாலும் கவ் கிராஸ் என்று எல்லாரும் அழைக்கும் அகலமான இலைப் புல். அது தரையோடு படர்ந்து வளர்வது. வேர் ஆழமாக இறங்காது. ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் கோல் காவலர்கள் நின்று மிதித்து உந்துவதால் அவ்விடத்தில் மட்டும் புல் பெயர்ந்து செம்மண் வெளியே தெரிகிறது. பெனால்டி உதைக்கப்படும் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின் மீதோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும் என்று விதி சொல்வதால், ஆட்டத்தின் மிகக் கடினமான பாய்ச்சலும் அந்த வழுக்கை மண்ணிலிருந்தே தொடங்குகிறது.

அந்த மண் வெயிலில் சிமெண்டைப் போல் இறுகிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மதியத்துக்குப் பின் இடியுடன் மழை கொட்டும் நம் மேற்குக் கரையில், அதே மண் மாலை ஐந்து மணிக்கு மேலே சேறாகவும் அடியில் இன்னும் இறுக்கமாகவும் இருக்கும். ஒரே திடலில் தாக்குதல் ஆட்டக்காரர் புல்லின் மீதும் கோல் காவலர் இந்த மண்ணின் மீதும் விளையாடும்போது இருவருக்கும் ஒரே அடித்தட்டு எப்படிப் பொருந்தும்?

காலணிப் பெட்டியின் ஓரத்தில் எஃப்ஜி, எஸ்ஜி, ஏஜி, டிஎஃப் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஃப்ஜி என்பது இயற்கைப் புல் வளர்ந்த உறுதியான தரைக்கானது. வார்ப்பிலேயே அமைந்த நடுத்தர நீளமுள்ள ஸ்டட்டுகள், அதாவது மண்ணைப் பிடிக்க அடித்தட்டில் துருத்திநிற்கும் முளைகள், அதில் இருக்கும். எஸ்ஜி என்பது நன்கு ஊறி மென்மையான தரைக்கானது. நீளமான உலோக ஸ்டட்டுகள், பெரும்பாலும் ஆறு, திருகிக் கழற்றும் வகையில் இருக்கும். ஏஜி செயற்கைப் புல்லுக்கானது. ஸ்டட்டுகள் குட்டையாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் இருக்கும். டிஎஃப் அடித்தட்டில் சிறு சிறு ரப்பர் முளைகள் நெருக்கமாக இருக்கும். பழைய வகைச் செயற்கைத் தரைக்கென்று செய்யப்பட்டிருந்தாலும் இறுகிய மண்ணில் அதைப் போல் ஒத்துழைப்பது வேறில்லை.

மழைக்காலம் என்றவுடன் பலர் எஸ்ஜி கேட்கிறார்கள். 1954 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், பெர்ன் நகரில் மழையில் நனைந்த திடலில், மேற்கு ஜெர்மனி ஆட்டக்காரர்கள் அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் செய்து கொடுத்த திருகு ஸ்டட் காலணிகளில் நீளமான ஸ்டட்டுகளைப் பொருத்திக்கொண்டு ஹங்கேரியை 3-2 என வென்ற கதை பரவலாகத் தெரிந்ததுதான். அந்தத் திடலில் புல் இருந்தது. ஸ்டட் முழுவதும் இறங்குமளவுக்கு மண் இளகியும் இருந்தது. நம் கோல் முகப்பில் நனைந்திருப்பது மேற்பரப்பு மட்டும் என்றால் நீண்ட உலோக ஸ்டட் பாதிதான் இறங்கும். மீதி வெளியே நிற்க, பிள்ளை ஆறு முனைகளின் மீது நிற்பான். பக்கவாட்டில் உந்தும்போது கணுக்கால் புரள்வதற்கு இதைவிட எளிதான வழி இல்லை. ஆகையால், கட்டைவிரலை அழுத்தினால் ஆழமாக இறங்கும் மண்ணாக இருந்தாலொழிய எஸ்ஜி வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அப்படி வாங்கினாலும், உலோக ஸ்டட் அனுமதிக்கப்படுமா என்று போட்டி ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சோடிதான் வாங்க இயலும் என்றால், நம் ஊர்த் திடல்களில் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு நாங்கள் முதலில் காட்டுவது டிஎஃப். இரண்டு சோடி இயலும் என்றால், காய்ந்த நாளுக்கு டிஎஃப், ஈர நாளுக்கு வட்ட ஸ்டட் உள்ள எஃப்ஜி. வட்டம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கத்தி அலகு போல் தட்டையான ஸ்டட்டுகள் நேராக ஓடுகிறவருக்கு நல்ல பிடி தரும். ஆனால் ஊன்றிய காலின் மீது உடல் திரும்பும்போது அவை மண்ணை விடாமல் பிடித்துக்கொள்ள, அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகிறது. அமெரிக்கக் காற்பந்து விளையாடும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை மூன்று பருவங்கள் கவனித்து 1996இல் வெளியான ஓர் ஆய்வு, அடித்தட்டின் ஓரங்களில் நீண்ட ஸ்டட்டுகள் அமைந்த காலணிகளை அணிந்தவர்களுக்கு முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிவது மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டது. அவர்கள் ஆட்டம் வேறு. முழங்கால் எல்லாருக்கும் ஒன்றுதான். எஃப்ஜி காலணியைச் செயற்கைப் புல் திடலுக்கு அணிந்து செல்ல வேண்டாம் என்று நாங்கள் தடுப்பதும் இந்தப் பிடி அளவுக்கு மிஞ்சிவிடும் என்பதால்தான்.

கம்போங் அடிடாஸ் பற்றியும் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்; தயங்கத் தேவையில்லை. பால் மரம் எனும் ரப்பர் மரம் சீவப் போகிறவர்களும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களும் அணியும் அந்தக் கறுப்பு ரப்பர் காலணி, முழுவதும் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டது. அடியில் குட்டை ரப்பர் முளைகள் உண்டு. ஈரச் செம்மண்ணில் அதன் பிடி உண்மையிலேயே நன்றாக இருக்கும்; மலையேறுகிறவர்கள்கூட அதை விரும்பி அணிகிறார்கள். குதிகாலைத் தாங்கும் மெத்தை அதில் இல்லை என்பதும், பக்கவாட்டில் உந்தும்போது ரப்பர் விரிந்து பாதம் உள்ளேயே நகர்ந்துவிடும் என்பதும்தான் குறை. தொடக்கத்தில் விளையாடிப் பார்க்கட்டும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு அது போதும். வாரம் தவறாமல் பாய்ந்து பழகும் கோல் காவலருக்குப் போதாது.

பாதம் உள்ளே நகர்வது என்ற இந்தக் குறை விலை உயர்ந்த காலணியிலும் வரும். அடுத்த ஆண்டும் போடட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கும் பழக்கம்தான் காரணம். பெற்றோரின் கணக்கு எங்களுக்குப் புரிகிறது. வளரும் பிள்ளையின் கால் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால் மற்ற ஆட்டக்காரர்களைவிடக் கோல் காவலருக்கே இது கூடுதல் தீங்கு செய்கிறது, ஏனென்றால் காலணி மண்ணைப் பிடித்திருக்கும்போது பாதம் காலணிக்குள் வழுக்கினால் உந்தல் அங்கேயே வீணாகிவிடுகிறது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலம் இடைவெளி இருக்கலாம். குதிகால் மேலே எழும்பக் கூடாது. முன்பாதத்தின் இருபுறமும் துணியோ தோலோ மடிப்பு விழாமல் அணைத்திருக்க வேண்டும். அகன்ற பாதமுள்ள பிள்ளைகளுக்கு, ஒடுக்கமாகச் செய்த வேகக் காலணிகளில் நீளத்தைக் கூட்டி அகலத்தைப் பெற முயல வேண்டாம். அகலமான வார்ப்பில் வரும் வகைகள் உள்ளன, கேட்டால் எடுத்துக் காட்டுவோம்.

8 முதல் 14 வயதுக்குள் உள்ள பிள்ளை, பயிற்சி முடிந்ததும் குதிகால் வலிக்கிறது என்று சொன்னால் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் முழுமையாக இணையாமல் இருக்கும். இறுகிய தரையில் மீண்டும் மீண்டும் குதித்து இறங்குவதால் அது வீங்கி வலிக்கும். கோல் காவலர் பயிற்சியில் குதிப்பதும் இறங்குவதும் மிகுதி. ஸ்டட் காலணிகளின் குதிகால் பகுதி மெல்லியது. டிஎஃப் வகைகள் பலவற்றில் நடுவே மெத்தை வைத்திருப்பார்கள். வலி தொடர்ந்தால் காலணி மாற்றுவதோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பண்டல் கடைகளில், அதாவது பழைய பொருள் விற்கும் கடைகளில், மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டுக் காலணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றுள் லக்ரோஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்), பேஸ்பால், அமெரிக்கக் காற்பந்து ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவையும் கலந்திருக்கும். பெருவிரலுக்கு நேர் முன்னால், அடித்தட்டின் நுனியில், தனியாக ஒரு ஸ்டட் இருந்தால் அது நம் ஆட்டத்துக்கானது அன்று. லக்ரோஸில் கோல் காவலர் 1.83 மீட்டர் சதுரமான சிறிய கோலின் முன் நின்று, கடினமான ரப்பர் பந்தை எதிர்கொண்டு அடி முன்வைத்துத் தடுக்கிறார். எடுத்தவுடன் முன்னோக்கிப் பாய அந்த நுனி ஸ்டட் உதவுகிறது. காற்பந்தில் அதே நுனி ஸ்டட், காலடியில் விழுந்து பந்தை அணைக்கும்போது அடுத்தவரைக் கிழித்துவிடும். ஆபத்தான எதையும் ஆட்டக்காரர் அணியக் கூடாது என்பது விதி. நடுவர் திடலுக்குள் விடாமல் திருப்பி அனுப்பினால் அன்றைய ஆட்டமே போயிற்று.

பராமரிப்புக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. செம்மண் ஸ்டட்டுகளுக்கிடையே காய்ந்து கட்டியாகிவிட்டால் ஸ்டட் இருந்தும் இல்லாததுதான். பாதி நேர இடைவேளையிலேயே ஒரு குச்சியால் தட்டி எடுக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள். ஈரக் காலணியை நெகிழிப் பையில் கட்டி வைத்தால் நம் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும், பசையும் விட்டுப்போகும். கடும் வெயிலிலும் வைக்க வேண்டாம். பழைய நாளிதழைத் திணித்து நிழலில் காய வையுங்கள்.

காலணி பார்க்க வரும்போது பிள்ளையைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்; ஆட்டத்துக்கு அணியும் அதே தடித்த காலுறையும் கையோடு இருக்கட்டும். நாள் முழுவதும் நடந்த பாதம் சற்று விரிந்திருக்கும் என்பதால் மாலை நேரமே அளவு பார்க்க ஏற்றது. கோலுக்கு முன்னாலுள்ள மண்ணைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. வீட்டுக்குள் அணிந்து பார்த்துப் பொருந்தாத சோடியை, மண் படாமல் இருக்கும் வரை மாற்றிக் கொடுக்கிறோம். பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்,
சுங்கை சிப்புட், பேராக்