அந்த முதல் 30 நொடி குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ கடைசியாகத் தொகுத்த பேட்டியை அம்மாவும் நானும் சேர்ந்து முழுவதுமாகப் பார்த்தோம். அம்மா உறங்கப் போன பிறகு, எங்கள் எடிட்டிங் அறை வழக்கப்படி, ஒலியை நிறுத்திவிட்டு மீண்டும் ஒருமுறை பார்த்தேன். பேட்டி கொடுத்த அம்மையார் தம் கணவரின் கையெழுத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தில், படம் மாறுவதற்கு முன்பே அவருடைய குரலைக் கொண்டுவந்திருக்கிறாய். படத்துக்கு முன்பே ஒலி வரும் அந்த 'ஜே கட்' வெட்டை உன் வயதில் என்னால் இவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க முடியாது. அத்தை என்ன சொன்னாலும் அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. நீ செய்வது தொழில்தான், என் தொழில்தான்.

நள்ளிரவு தாண்டியும் நீ விழித்திருப்பதாக அண்ணன் சொன்னான். அந்த நேரத்தில் வெட்டும் வேலை நடப்பதில்லை, பார்வையாளர் எங்கே விலகினார்கள் என்று யூடியூப் வரைந்து காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நடக்கும். வீடியோ வெளியான இரவில் அந்தக் கோட்டைப் பார்க்காதே.

அந்தக் கோட்டின் மீது எனக்குப் பகை இல்லை. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் தன் பரிந்துரைகளில் முதலிடம் கொடுக்கத் தொடங்கியது 2012இல். வெறும் தலைப்பைக் காட்டி ஆளை இழுப்பவர்களுக்கு அது ஒரு தடையாக இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். தேவையற்றதை நீக்குவதும் நமக்குப் புதிதல்ல. 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அதில் ஒவ்வோர் அடியும் எதிரே அமர்ந்திருப்பவரின் நேரம் என்று சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள். ஆகவே பேச்சின் இழுவையை வெட்டு, திரும்பச் சொன்னதை வெட்டு, கேள்வி கேட்பவரின் சுயபுராணத்தைத் தயங்காமல் வெட்டு.

ஆனால் 30ஆவது நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று யூடியூபின் புள்ளிவிவரப் பக்கம் தனியாகக் காட்டுகிறதே, அந்த எண்ணுக்குப் பயந்து செய்யப்பட்ட ஒரு வெட்டை உன் வீடியோவின் தொடக்கத்தில் பார்த்தேன். "வீட்டை விட்டுப் போகச் சொன்னார்களா?" என்ற கேள்வி வருகிறது, உடனே அந்த அம்மையாரின் கண்ணீர், அங்கேயே நிறுத்தி, தலைப்பு ஓடுகிறது. உள்ளே, பேட்டியின் நடுப்பகுதியில், அதே கேள்விக்கு அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லை" என்கிறார். கண்ணீர் அந்தக் கேள்விக்கு உரியதே அல்ல. அந்த ஷாட்டில் அவருக்குப் பின்னால் சன்னல் வெளிச்சம் மங்கியிருக்கிறது. கேள்வி கேட்கப்பட்டபோது நல்ல வெயில். சாதாரணப் பார்வையாளர் கவனிக்க மாட்டார், ஆனால் நீ கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

ஒரே நடிகரின் அசையாத முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடனும் ஒரு சவப்பெட்டியுடனும் ஒட்டிக்காட்டி, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டதாகச் சொன்னாரே ரஷ்யாவின் லெவ் குலஷோவ், அவருடைய சோதனையை உனக்கு நான்தான் முதலில் விளக்கினேன். கதைப்படத்தில் அது நம் கையிலுள்ள பெரிய வலிமை. தன் வாழ்க்கையைச் சொல்ல வந்து அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அதையே செய்யும்போது, அவர் சொல்லாததை அவருடைய முகத்தாலேயே சொல்லவைக்கிறோம். அவருடைய பிள்ளைகளும் அந்த வீடியோவைப் பார்ப்பார்கள்.

அந்த முடிவு யாருடையது என்று நான் கேட்கவில்லை. நீ அழைப்பதை நிறுத்தியது அந்த வீடியோ வெளியான பிறகுதான் என்பதை மட்டும் அம்மா கவனித்திருக்கிறாள். கோடு அந்தக் கண்ணீரில் மேலேறியிருக்கலாம். திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இரக்கத்தால் பார்த்தார்களா, எங்கோ இடறுகிறதே என்ற ஐயத்தால் பார்த்தார்களா என்பது அதற்குத் தெரியாது. ஆகவேதான் சொல்கிறேன், இரவில் அதைப் பார்க்காதே.

உள்ளே அவர் "இல்லை" என்று சொல்வதற்கு முன்பு வரும் மௌனத்தை நீ ஒரு பிரேம்கூடக் குறைக்கவில்லை. அந்த இடத்தில் இசை போடாமல், முகத்தை நெருக்கிக் காட்டாமல் விட்டதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்தவள்தான் தொடக்கத்தையும் செய்தாள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வியையும் அந்த மௌனத்தையும் அப்படியே முன்னால் வைத்திருந்தாலே, பதில் என்னவென்று அறியப் பார்வையாளர் காத்திருப்பார்.

வெளியான வீடியோவிலும் ஒரு பகுதியை யூடியூப் ஸ்டூடியோவின் எடிட்டரிலேயே நீக்க முடியும். இணைப்பும் மாறாது, பார்வை எண்ணிக்கையும் போகாது. முதலில் உன் மேலாளரிடம் பேசு. அவர் மறுத்தால், அந்த அம்மையாரிடம் நீயே பேசிவிடு. அவருக்கு அது வேறு வழியில் தெரியவரக் கூடாது. பேசுவதற்கு முன்போ பின்போ, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது என்னை அழை. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா