இறங்கவும் கற்றுத் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீராங்கனைகளின் முழங்கால் ஜவ்வுக் கிழிவு பற்றி விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, பெண்களின் இடுப்பு அகலத்தையும் ஹார்மோனையும் காரணமாகச் சொல்லி முடிந்துவிட்டது. பாலே நடனக் கலைஞர்களையும் கவனித்திருந்தால் அந்த முடிவுக்கு அவ்வளவு சுலபமாக வந்திருக்க முடியாது.

கால்பந்து, கூடைப்பந்து ஆட்டங்களில் ஏசிஎல் (முழங்காலின் முன் குறுக்கு ஜவ்வு) கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்பது உண்மை. ஆனால் பாலேயில் ஒன்றரை மணி நேர வகுப்புக்குள் 200 தடவைக்கு மேல் குதிக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் ஒற்றைக் காலில் இறங்குகிறார்கள். அப்படியும் ஏசிஎல் கிழிவது அங்கே அபூர்வம். ஆண், பெண் இடைவெளியும் விளையாட்டில் இருக்கும் அளவுக்கு இல்லை. 2009-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் பாலே, நவீன நடனக் கலைஞர்கள் 33 பேரை 30 செ.மீ. மேடையிலிருந்து ஒற்றைக் காலில் இறங்க வைத்து அளந்தார்கள். முழங்கால் உள்பக்கம் சரிவதில் இரு பாலருக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2014-இல் விளையாட்டு வீரர்களையும் சேர்த்து அளந்தபோது அதிகம் சரிந்தது வீராங்கனைகளின் முழங்கால்தான். நடனப் பெண்களுக்கும் அதே இடுப்பு, அதே ஹார்மோன்தானே?

பாலே பள்ளியில் எட்டு, ஒன்பது வயதிலேயே சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஒரே பாடம். விரல் நுனி, முன்பாதம், குதிகால் என்ற வரிசையில் தரையைத் தொட வேண்டும். உடனே கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் சேர்ந்து மடங்க வேண்டும். இதற்குப் பெயர் பிளியே. முட்டிச்சில்லு இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும், உடம்பு பக்கவாட்டில் சாயக் கூடாது.

இந்த மடக்கலின் பயனைக் கணக்கிலேயே பார்க்கலாம். 30 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கும் உடல் நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 0.1 நொடியில் அது நின்றுவிட்டால், கால் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப்போல் மூன்றரை மடங்கு. அதையே 0.2 நொடிக்கு நீட்டினால் இரண்டேகால் மடங்குதான். பிளியே சம்பாதித்துத் தருவது அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடியை.

பாலேயில் காயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அங்கே அடி வாங்குவது பெரும்பாலும் கணுக்காலும் பாதமும்: சுளுக்கு, குதிகால் நாண் அழற்சி, இரண்டாம் பாத எலும்பில் நுண்முறிவு. இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பி டர்ன்-அவுட் (கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் பாலே நிலை) காட்டுபவருக்கு, இறங்கும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பாதத்தின் உள்வளைவும் தட்டையாகும். கான்கிரீட் மேல் நேரடியாக ஒட்டிய வினைல் தரை இதை இன்னும் மோசமாக்கும். களைத்துப்போனால் தேர்ந்த கலைஞருக்கும் இறங்கும் முறை குலையும்.

நம் பள்ளி வாலிபால், கூடைப்பந்துப் பயிற்சியில் உயரமாகக் குதிக்கத்தான் சொல்லித் தருகிறோம். அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டத்துக்கு முன், கால் களைக்காதபோது, இரண்டு படி உயரத்திலிருந்து முதலில் இரு காலிலும், சில வாரம் கழித்து ஒற்றைக் காலிலும் இறங்க வையுங்கள். ஐந்து ஐந்தாக மூன்று சுற்று போதும். இறங்கியதும் மூன்று நொடி அசையாமல் நிற்கட்டும். முட்டி உயரத்தில் நேர் எதிரே செல்போனை வைத்துப் படமெடுத்தால் முட்டி உள்ளே சரிவது தெளிவாகத் தெரியும். சரிந்தால் உயரத்தைப் பாதியாக்குங்கள். 'தொம்' என்று சத்தம் கேட்டால் மடக்கல் போதவில்லை. பாலேயிலிருந்து டர்ன்-அவுட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாடும் பிள்ளைகளுக்குப் பாதம் நேர் முன்னோக்கியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
விளையாட்டுக் காய இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
மதுரை